த்ராட்டில் பாடிக்குள் பெட்ரோல் ஊற்றாதீர்கள்

"இன்ஜின் ஓடும்போதே த்ராட்டில் பாடிக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ரேஸ் பண்ணுங்க, கார்பன் எல்லாம் புகையா வெளிய போயிடும்" என்று ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட. த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி, அதற்குள் திறந்து மூடும் ஒரு தட்டு இருக்கும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற சரக்கு பெட்ரோல், சூடான இன்ஜின் பக்கத்தில் ஒரு பேக்ஃபயர் (இன்ஜினிலிருந்து தீ வெளியே வெடித்து வருவது) போதும், தீப்பிடித்துவிடும்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நன்றாக ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடி கிளீனர் என்றே எழுதியிருக்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, தட்டின் விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் கறுப்பைத் துடைத்தால் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டில் (தட்டை மோட்டார் திறந்து மூடும் வகை) என்றால் தட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடைந்தால் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், அந்த பில்லைப் பார்த்தால் கார்பனே தேவலை என்றிருக்கும். துடைத்த பிறகு ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கொஞ்சம் ஏறி இறங்கலாம், சில மாடல்களில் ஸ்கேனர் போட்டு ரீசெட் செய்ய வேண்டும்.

சந்தேகமா? உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலையும் கிளீனர் டப்பாவில் இருக்கும் எச்சரிக்கையையும் படித்துப் பாருங்கள். அந்த மெசேஜ் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.