அவன் பாட்டில், அவன் கிளாஸ்

சனிக்கிழமையிலிருந்து பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று விஸ்கிக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பனில், அதாவது அமெரிக்க விஸ்கியில், புகை வாசனை அடிக்கும் ஸ்காட்சான ஆர்ட்பெக்கைக் கொஞ்சம் ஊற்றிக் கலந்து, "நல்லா இருக்கு, நீங்களும் செஞ்சு பாருங்க" என்று ஒரு படம் போட்டான் அந்தத் தம்பி. அவ்வளவுதான் அவன் செய்தது. கீழே வந்த கமென்ட்களைப் படித்தீர்களா? "பாவம்டா அந்த ஆர்ட்பெக்." "இவனுக்கெல்லாம் கோக் போதும்." "நாக்கு செத்தவன்." இருபது வருடமாக விஸ்கி குடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் பெரியவர்கள் எழுதியவை இவை. ராத்திரிக்குள் பதிவை நீக்கிவிட்டான்.

அவன் காசு, அவன் பாட்டில், அவன் கிளாஸ். யாரையும் குடி என்று வற்புறுத்தவில்லை. கலந்ததற்கு ஸ்காட்ச் என்றோ போர்பன் என்றோ பேர் வைத்து விற்கவும் இல்லை. பிறகு உங்களுக்கு எங்கே வலித்தது?

ஸ்காட்சையும் போர்பனையும் கலக்கக் கூடாது என்கிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் குடிக்கும் ஆர்ட்பெக் பத்து வருடச் சரக்கு எந்த மரத்தில் கிடந்தது? போர்பன் இருந்த பீப்பாயில். இன்னொரு ஸ்காட்சான லஃப்ராய்க் எதில் கிடந்தது? அதுவும் போர்பன் இருந்த பீப்பாயில், அதிலும் பெரும்பாலும் இதே மேக்கர்ஸ் மார்க் பீப்பாயில். அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உள்புறம் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. கென்டக்கியிலிருந்து அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாயின் பலகை சில லிட்டர் போர்பனைக் குடித்து வைத்திருக்கும். அந்தப் பலகைக்குள் இருப்பதை வெளியே இழுத்து, கலந்து, டெவில்ஸ் கட் என்ற பெயரில் ஜிம் பீம் தனியாக விற்கவே செய்கிறது. அப்படிப்பட்ட மரத்துக்குள் பத்து வருடம் கிடந்து வெளியே வருகிற ஸ்காட்சில் வெனிலா மணக்கிறது, தேங்காய் மணக்கிறது என்று நாமே ரசித்து ரசித்து எழுதுகிறோம். அந்த வாசனையில் ஒரு பங்கு கென்டக்கி கொடுத்தது. கம்பெனிக்காரன் பீப்பாய்க்குள் செய்தால் கைவினை, தம்பி கிளாஸுக்குள் செய்தால் பாவமா?

கம்பெனிகளும் வெளிப்படையாகவே செய்கின்றன. அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் ஹை வெஸ்ட் என்ற விஸ்கிக் கம்பெனி 2012-லேயே கேம்ப்ஃபயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. போர்பன், ரை என்ற தானியத்தில் செய்த விஸ்கி, பீட் என்கிற சதுப்பு நிலக் கரியின் புகை ஏறிய ஸ்காட்ச் மால்ட் மூன்றும் ஒரே பாட்டிலில், 46 சதவீத ஆல்கஹாலில். ஆரம்பித்தவர் டேவிட் பெர்க்கின்ஸ், உயிர்வேதியியல் படித்தவர். ஜப்பான் கம்பெனியான சன்டோரி 2019-இல் ஆவோ என்று ஒன்றை இறக்கியது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஜப்பான் என ஐந்து நாட்டு விஸ்கி அதில் இருக்கிறது. அந்த ஜப்பான் பாட்டிலை யாரோ வாங்கிவந்து குழுவில் படம் போட்டபோது இதே ஆட்கள்தான் "செம", "எங்கே கிடைச்சுது" என்று கேட்டார்கள். அதே சன்டோரி 2014-இல் ஜிம் பீமின் கம்பெனியான பீமை வாங்கியபோது, ஏற்கெனவே பீமிடம் இருந்த மேக்கர்ஸ் மார்க்கும் லஃப்ராய்க்கும் சேர்ந்தே அதன் கைக்குப் போய்விட்டன. முதலாளி ஒருவராக இருக்கலாம், பீப்பாய் ஒன்றாக இருக்கலாம், கிளாஸ் மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றால் எனக்குப் புரியவில்லை.

தூய்மை தூய்மை என்கிறார்கள். எந்தக் காலத்துத் தூய்மை? உலகத்தில் விற்கிற ஸ்காட்சில் பெரும்பகுதி பிளெண்டட், அதாவது கலந்தது. எடின்பரோவில் ஆண்ட்ரூ அஷர் 1853-இல் கலந்து விற்க ஆரம்பித்தார், 1860-இல் சட்டம் மால்ட்டையும் (முளைகட்டிய பார்லி விஸ்கி) கிரெய்னையும் (மற்றத் தானியங்களில் செய்த விஸ்கி) வரி கட்டும் முன்பே கலக்க வழிவிட்டது, அதற்குப் பிறகுதான் ஸ்காட்ச் உலகம் முழுக்கப் போனது. அப்போதும் கத்தினார்கள். லண்டனில் இஸ்லிங்டன் நகராட்சி 1905-இல் கடைக்காரர்கள் மேல் வழக்கே போட்டது: கிரெய்ன் சரக்கை விஸ்கி என்று விற்கிறார்கள் என்று. மாஜிஸ்திரேட்டும் நகராட்சி பக்கம்தான் தீர்ப்பு சொன்னார். பிரச்சினை பெரிதாகி ராயல் கமிஷன் உட்கார்ந்து, 1909-இல் அதுவும் விஸ்கிதான் என்று முடித்தது. அன்றைக்கு மால்ட் காய்ச்சியவர்கள் இன்றைக்கு நீங்கள் எழுதும் இதே வாக்கியங்களைத்தான் பேசியிருப்பார்கள். அவர்கள் பேச்சு எடுபட்டிருந்தால் ஜானி வாக்கர் என்ற பெயர் அது பிறந்த கில்மார்னாக் ஊரைத் தாண்டியிருக்காது.

இன்னொன்று. ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்கலாம் என்று பிரிட்டனின் 2009 சட்டமே அனுமதிக்கிறது. ஸ்ட்ரெய்ட் போர்பனில் அது கூடாது. நிறம் ஊற்றிய சரக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "என்ன கலர் பாருங்க" என்று வியக்கிறவர்களுக்கு, தம்பி ஊற்றிய கொஞ்சம் ஆர்ட்பெக் உறுத்துகிறது.

"காய்ச்சியவனின் உழைப்பை அவமதிக்கிறாய்" என்று ஒருவர் என்னிடம் தனியாக எழுதினார். கோபப்படாமல் எழுதியதால் மதிக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், ஆர்ட்பெக்கின் ஊரில், சதுப்பு நிலத்தை வெட்டி, பீட் கட்டியைக் காயவைத்து, அதன் புகையில் பார்லியை உலர்த்தி, காய்ச்சி, பத்து வருடம் கடற்காற்றில் காத்திருக்கிறார்கள். அதை முதலில் தனியாகத்தான் ருசிக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன், அந்தத் தம்பியும் அப்படித்தான் செய்திருக்கிறான், அவனுடைய பழைய பதிவுகளைப் பாருங்கள். ஆனால் முதல் கிளாஸுக்கு மரியாதை செலுத்திய பிறகும் பாட்டிலில் நிறைய மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சமும் காய்ச்சியவனுடையதா? விற்று, காசு வாங்கி, கல்லாவில் போட்டாயிற்று. கலப்பதை அவமானமாக நினைக்கிறவர்கள் அந்தத் தொழிலில் இருந்தால், ஜான் கிளேசர் என்ற அமெரிக்கர் 2000-இல் காம்பஸ் பாக்ஸைத் தொடங்கி, சொந்தமாகக் காய்ச்சாமல் அடுத்தவர் காய்ச்சியதை வாங்கிக் கலந்தே பெயர் வாங்கியிருக்க முடியாது. அவருடைய ஸ்பைஸ் ட்ரீ என்ற விஸ்கிக்கும் முதலில் எதிர்ப்புதான். பீப்பாய்க்குள் கூடுதலாக ஓக் பலகை வைத்தார் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் குறுக்கே நின்றது. நிறுத்தினார், முறையை மாற்றி 2009-இல் திரும்பக் கொண்டுவந்தார். இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறோம்.

ருசி ஒத்துப்போகாது என்கிறவர்கள் கலந்து குடித்துவிட்டுச் சொல்லுங்கள். போர்பனில் குறைந்தது 51 சதவீதம் சோளம், அந்த இனிப்பு இருக்கும். கருக்கிய புது மரம் வெனிலாவையும் கேரமலையும் தரும். பீட் புகை அந்த இனிப்பை வெட்டும். புகை சீக்கிரம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் ஐந்து பங்கு போர்பனுக்கு ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, கலந்ததைச் சின்ன பாட்டிலில் சில நாள் வைத்தால் இன்னும் சேரும். காரம் தூக்கலான ரையோடு ஷெரி ஒயின் பீப்பாயில் ஊறிய ஸ்காட்ச் சேர்ந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. இது ருசி பற்றிய பேச்சு, இதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "நாக்கு செத்தவன்" என்பது ருசி பற்றிய பேச்சா?

விலை உயர்ந்ததை வீணாக்குகிறான் என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. அது அவன் சம்பளம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவியே கேட்டாள். சொல்கிறேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல விஸ்கி என்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால் உண்டு, அதையும் நாலு பேர் பங்கிட்டுக் குடிப்பார்கள். அவர் எங்களைப் பார்க்க நியூஜெர்சி வந்திருந்தபோது ஆசை ஆசையாக ஒரு ஐலா பாட்டில் வாங்கி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, தர்மாஸ்பத்திரி வாடை அடிக்குது?" என்றார். சிரித்துக்கொண்டே போர்பனை ஊற்றிக் கொடுத்தேன். "இது ரொம்ப இனிக்குதுடா." கொஞ்ச நேரம் இரண்டு கிளாஸையும் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஊற்றினார். எதையும் கொட்டி வீணாக்கிப் பழக்கமில்லாத மனிதர். குடித்தார். முகம் மலர்ந்தது. "இப்ப சரியா இருக்கு. கொஞ்சம் ஊத்திக் குடிச்சுப் பாரு."

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு நண்பர் இருந்தார். விஸ்கி பற்றி நிறையத் தெரிந்தவர். "ஐயோ அங்கிள், என்ன பண்ணிட்டீங்க! அது என்ன விலை தெரியுமா?" என்று உரக்கச் சிரித்தார். அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும்வரை என் வீட்டில் அவர் ஒரு சொட்டு தொடவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன். "வேண்டாம்டா, நீ வெச்சுக்கோ" என்றுதான் சொன்னார்.

கடலை எண்ணெய் வாசனையை வைத்தே எந்தச் செக்கில் ஆட்டியது என்று சொல்கிற மனிதர் அவர். குழம்பில் புளி எந்த வருடத்துப் புளி என்று சொல்வார். அவருக்கா நாக்கு இல்லை? தன் நாக்கு சொன்னதை நம்பி, பயமில்லாமல் ஒரு காரியம் செய்தார். பெர்க்கின்ஸ் அதையே பாட்டிலில் அடைத்து விற்றார், அவரை மேதை என்கிறோம். லைன்மேன் செய்தால் சிரிக்கிறோம். அப்பா இப்போது இல்லை. "நாக்கு செத்தவன்" என்ற கமென்ட்டைப் படித்தபோது அது அவரைச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அப்படிப் படக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். பட்டது.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம், நீ பெரிதாக்குகிறாய் என்பீர்கள். விளையாட்டு என்றால் அவனும் சிரித்திருக்க வேண்டும். அவன் பதிவை நீக்கியிருக்கிறான்.

இதில் ஒரு விஷயம் கேட்டே ஆக வேண்டும். நம்மில் எத்தனை பேர் பிளெண்டர்ஸ் பிரைடிலும் ராயல் ஸ்டாகிலும் ஆரம்பித்தோம்? இறக்குமதி செய்த ஸ்காட்ச் மால்ட்டோடு இந்தியத் தானியச் சாராயத்தைக் கலந்தது என்று லேபிளிலேயே இருக்கும். கல்லூரி முடித்த காலத்தில் அதுதான் நமக்கு விஸ்கி, அதைக் குடித்துத்தான் நட்பெல்லாம் வளர்ந்தது. பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன், இந்திய பார்லியையும் பீட் புகை ஏறிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்தது, விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே 2010-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அதை உலகத்தில் மூன்றாவது இடத்தில் வைத்தபோது நம் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. கலந்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கா வந்து, கையில் நாலு காசு சேர்ந்து, அலமாரியில் பாட்டில் அடுக்கியதும், கலக்கிறவனைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். யாரிடம் கற்றோம் இதை? வெள்ளைக்காரர்களின் டேஸ்டிங்கில் ஐஸ் கேட்டதற்காக நம்மை ஒரு மாதிரி பார்த்தார்களே, அந்தப் பார்வையை அப்படியே வாங்கிவந்து நம் வீட்டுப் பிள்ளைகள் மேல் வீசுகிறோம். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

குழுவில் பாதிப் பேர் வீட்டில் இன்ஃபினிட்டி பாட்டில் இருக்கிறது. எல்லா பாட்டிலின் கடைசிச் சொட்டையும் ஒன்றாக ஊற்றி வைக்கிற பாட்டில். போன வருடம் அதைப் பற்றி நீளமாக எழுதியவரே இந்தத் தம்பிக்கு முதல் அடி கொடுத்தவர். அவருக்கு என் கேள்வி புரியும்.

"குடியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா, இதனால் அழிந்த குடும்பங்கள் தெரியாதா" என்று கட்டாயம் யாராவது வருவீர்கள். தெரியும். என் சொந்தத்திலேயே தெரியும். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, குடிக்காதவர் குடிக்காமலே இருங்கள், அதுதான் நல்லது. இந்தப் பதிவு ஏற்கெனவே குடிக்கிறவர்கள் ஒருவரையொருவர் நடத்தும் விதம் பற்றியது. தயவுசெய்து திசை திருப்பாதீர்கள்.

குழுவின் அட்மின்களுக்குக் கேட்டிருக்கிறேன்: ருசியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், ஆளைப் பற்றிப் பேசினால் கமென்ட்டை நீக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பதில் வரவில்லை. வராவிட்டால் வெளியே வந்துவிடுவேன், இது மிரட்டல் இல்லை, அங்கே இருக்கப் பிடிக்காது என்பதால் சொல்கிறேன். என் பக்கத்தில் அந்த விதி இப்போதே அமலில் இருக்கிறது. எந்தப் போர்பன், எந்த ஸ்காட்ச், என்ன அளவு, எத்தனை நாள் வைத்தீர்கள், எது சேரவில்லை என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறேன். நாக்கைப் பற்றி எழுதுகிறவர்களை பிளாக் செய்வேன், நண்பராக இருந்தாலும்.