அடுத்த வருஷமும் இதே ஊர்தானாம்

எங்கள் ஊரில் நான் பொறுப்பெடுத்து நடத்திய பைக் சந்திப்பு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி பைக் ஊர் எல்லையைத் தாண்டியது. ஐந்து மணிக்கெல்லாம் பைக்காரர்கள் குழுவில் படங்கள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. 'செம மீட்', 'வேற லெவல்', நெருப்புச் சின்னம், இதயச் சின்னம், 'அடுத்த வருஷமும் இதே ஊர்தான்'. அந்த நேரத்தில் நான் கையில் ஒரு கோணிப்பையோடு கடற்கரையில் காலி பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமும் இதே ஊராம். யாரைக் கேட்டு?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது. நான் ஒன்றும் பைக் பிடிக்காதவன் இல்லை, பதினைந்து வருஷமாக ஓட்டுகிறேன், எத்தனையோ ஊர் சந்திப்புகளுக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்திருக்கிறேன். ஆனால் விருந்தாளியாகப் போவது வேறு, சொந்த ஊரில் பெண்ணைப் பெற்றவன் மாதிரி வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று சொல்வது வேறு. நீங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டீர்கள். திங்கட்கிழமை காலையில் இதே தெருவில் இதே மனிதர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்.

முதலில் தலைக்கணக்கு. ஒரு மாதத்துக்கு முன்பே படிவம் போட்டேன். பெயர், வண்டி, தனியாக வருகிறீர்களா, பின்னால் ஆள் உண்டா, எத்தனை இரவு தங்குவீர்கள். ஐந்தே கேள்வி, ஒரு நிமிஷ வேலை. நிரப்பியவர்கள் 38 பேர். குழுவில் வெறுமனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் 60 பேருக்கு மேல். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வருகிறேன் என்றா, பார்த்துவிட்டேன் என்றா, நல்லா நடத்து என்று ஆசீர்வாதமா? சனிக்கிழமை மத்தியானம் எண்ணினால் 91 வண்டி நிற்கிறது. படிவம் நிரப்பியவர்களில் 11 பேர் வரவே இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பெரிய நகரத்தில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. இது இரண்டே இரண்டு தங்கும் விடுதி இருக்கிற ஊர். வராதவர்களுக்காக அறையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வந்தவர்களை எங்கே படுக்க வைப்பது என்று நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் ப்ரோ' என்கிறார் ஒருவர். அட்ஜஸ்ட் பண்ணியது முழுக்க நான்தான் ப்ரோ.

பெட்ரோல் பங்க் ஊருக்கே ஒன்று. வரும்போதே நெடுஞ்சாலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று மூன்று தடவை எழுதினேன். யார் படித்தார்கள்? சனிக்கிழமை காலையில் அங்கே வரிசை பிரதான சாலை வரைக்கும் வந்துவிட்டது. தினமும் அங்கே போடுகிறவர்கள் நிற்கிறார்கள், நடுவில் ஒருவர் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார். சரி, அதை விடுங்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குவதற்காக இருக்கிற டிபி கில்லரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன், யார் யார் என்று அவரவருக்கே தெரியும். 'என் ஒரு வண்டியில் என்ன வந்துவிடப் போகிறது' என்று கேட்கிறார்கள். கணக்கு இதுதான். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு வண்டிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். பத்து வண்டி சேர்ந்தால் 10 டெசிபல், அது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அந்தப் பத்து வண்டியும் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிக் கட்டிய குறுகலான தெருவில் போனால், சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே வரும். அதிலும் இரவு. பொழுது சாய்ந்த பிறகு தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழேயே இறங்கி வெகுதூரம் ஓடும். நீங்கள் கடற்கரையில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி 'பட பட' என்று வெடிக்கவிட்டது, ஊரின் மறுகோடியில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தவளுக்கு வாசலில் வெடித்த மாதிரி கேட்டிருக்கிறது. அவளே வந்து சொன்னாள். இரவு பதினொன்றரை மணிக்கு, என் வீட்டு வாசலில், குழந்தையோடு. நான் என்ன பதில் சொல்ல?

உடனே ஒரு பழைய வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், சத்தமான சைலன்சர்தான் உயிரைக் காப்பாற்றும் என்று. லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் ஹர்ட் அறிக்கை என்று ஒன்று வெளியிட்டார்கள். அதன்படி பெரும்பாலான ஆபத்து ஓட்டுகிறவருக்கு நேர் முன்னாலிருந்துதான் வருகிறது. உங்கள் சைலன்சர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது? அப்படியே உயிர் காக்கிறது என்றாலும், நள்ளிரவில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு முறுக்கும்போது எந்த உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள்?

இந்த ஊரில் அனுமதி வாங்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கடலோர ஊர், கூட்டமாக மோட்டார் சைக்கிள், இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. 1964-இல் இங்கிலாந்தில் கிளாக்டன், அப்புறம் பிரைட்டன் என்று கடற்கரை ஊர்களில் ஸ்கூட்டர் கோஷ்டியும் மோட்டார் சைக்கிள் கோஷ்டியும் விடுமுறை நாளில் வந்து அடித்துக்கொண்டதை, அறுபது வருஷம் கழித்தும் அந்த ஊர்களின் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். வந்து அடித்துக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கெட்ட பெயர் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கனடாவில் ஈரி ஏரிக்கரையில் போர்ட் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 1981-இல் இருபத்தைந்து நண்பர்கள் ஒரு பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் கூடியதில் ஆரம்பித்தது, இப்போது அந்தத் தேதி வெள்ளியில் விழும்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வருகின்றன, ஊரே தன் பிரதான தெருவை மோட்டார் சைக்கிளுக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்தக் கதையைத்தான் நான் ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்கார்ந்து சொன்னேன், நாமும் அப்படி இருப்போம் என்று. பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவனும் நானே. இரண்டாவது நாளே அந்தக் காகிதத்தைப் பார்க்கக் கூசியது.

இப்போது அந்த மணல் விவகாரம். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் படம் குழுவில் இருக்கிறது, அவரே போட்டிருக்கிறார், 'அட்வென்ச்சர்' என்று தலைப்பு வைத்து.

மணலில் வண்டியை இறக்காதீர்கள் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஆமை முட்டையிடும் கரை என்றால் கூடு மணலுக்குள்தான் இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறி வரமுடியாமல் அங்கேயே கிடந்து சாகும். இதையும் எழுதினேன். அதெல்லாம் காதில் ஏறவில்லை. நிலவு வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று பௌர்ணமி வாரமாகப் பார்த்துத் தேதி குறித்ததே நீங்கள்தானே? பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் வற்றும்போது வெகுதூரம் உள்ளே போகும், ஏறும்போது வழக்கத்தைவிட மேலே வந்து நிற்கும். இவர் வற்றிக் கிடந்த நேரத்தில் ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கிறது என்று நம்பி, இருநூற்றைம்பது கிலோ வண்டியை நேராகத் தண்ணீர் விளிம்புக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அமெரிக்காவில் டேட்டோனாவில் 1937-இல் கடற்கரை மணலில் இறங்கி இருநூறு மைல் பந்தயம் ஓட்டினார்களே என்று எனக்கே பாடம் எடுக்கிறார். ஓட்டினார்கள்தான் அய்யா. அதில் பாதித் தடம் தார்ச்சாலை, மீதியும் இறுகிப்போன மணல், அவர்களும் கடல் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் பந்தயத்துக்கே நேரம் குறித்தார்கள்.

திரும்பும்போது பின்சக்கரம் லேசாகப் புதைந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்திருக்கலாம். வண்டியை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப்போட்டு, சக்கரம் தோண்டிய குழியை மணலால் மூடி, நிமிர்த்தி, டயரில் பாதிக் காற்றை இறக்கி, கூடவே நடந்தபடி முதல் கியரில் உருட்டினால் வந்துவிடும். இவர் முறுக்கினார். முறுக்க முறுக்கச் சக்கரம் சோறு குழைகிற மாதிரி மணலைக் குழைத்துக்கொண்டு கீழே போனது, மண்ணும் தண்ணீரும் பின்னால் நின்றவர்கள் முகத்தில் அடித்தது, கடைசியில் ஆக்ஸில் வரை உள்ளே போய், ஸ்டாண்டே போடாமல் வண்டி நட்டுவைத்த கம்பம் மாதிரி தானாக நின்றது. அதைப் பார்த்துச் சிரித்து வீடியோ எடுத்தார்கள். கடல் ஏற ஆரம்பித்திருந்தது. ஏற்றம் முதலில் மெதுவாகத்தான் தெரியும், நடுவில் மூன்றாவது நாலாவது மணி நேரத்தில்தான் மடமடவென்று ஏறும். முதல் அலை முன்சக்கரத்தைத் தொட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

வலை வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் எட்டுப் பேர். முந்தின இரவு நம் சத்தத்தில் தூங்காதவர்கள். அதில் ஒரு பெரியவர் தன் படகுக் கயிற்றைக் கொண்டுவந்து, 'மேல கட்டாத தம்பி, கீழ கட்டு' என்றார். நம் ஆள் கேட்கவில்லை, இன்ஜினைக் காக்கிற தகடான இன்ஜின் கார்டின் விளிம்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி இழுத்தோம். வண்டி வந்தது. கயிறு அந்தத் தகட்டு விளிம்பில் உரசி, மூன்று புரியில் இரண்டு பிய்ந்து தொங்கியது. பெரியவர் கயிற்றைக் கையில் எடுத்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டிக்காரர் நன்றிகூடச் சொல்லாமல் நேராக என் வீட்டுக்கு வந்து ஹோஸ் பைப் எங்கே என்று கேட்டார். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் பொரிந்துபோகும், வயர் இணைப்புகளில் பச்சை பூக்கும், செயின் மறுநாளே காவி கட்டும், உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அதெல்லாம் சரிதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவரைப் பார்த்து வரிசையாகப் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள், அதில் பாதிப்பேர் மணல் பக்கமே போகாதவர்கள். கடலோர ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், நல்ல தண்ணீர்தான் இருக்காது. அன்று ராத்திரி என் வீட்டில் கால் கழுவக்கூடத் தொட்டியில் தண்ணீர் இல்லை.

எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. சாலையோரப் புழுதியில் ஸ்டாண்டு இறங்காமல் இருக்கத் தட்டையான பலகைத் துண்டு கொண்டுவந்து, பக்கத்து வண்டிக்கும் சேர்த்து வைத்துவிட்டுப் போன ஒரு பெண்மணி இருந்தார். கூட்டாகப் போனபோது கடைசி வண்டியாக வந்து ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் விடுபடாமல் பார்த்துக்கொண்ட அந்தத் தம்பி, ஊருக்குள் நுழையும் முன்பே இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேர். ஒரு பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் 'அடுத்த வருஷமும் இதே ஊர்தான்' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா?

அந்தக் கயிறு இப்போது என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. புதுசு வாங்கிக் கொடுக்க வேண்டும், பெரியவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் கால் வரமாட்டேன் என்கிறது. செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று நேற்று ராத்திரி குழுவில் கேட்டேன். பார்த்தவர்கள் 84 பேர்.

மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.