கூடு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்

போன கிழமை போட்ட கடற்கழுகுப் படத்துக்குப் பிறகு உள்பெட்டியில் 11 பேர். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அண்ணை, கூடு எங்க?" ஒருவருக்கும் பதில் போடவில்லை. எனக்குத் தலைக்கனம் என்று ஒரு தம்பி கோபித்தும் கொண்டார். தலைக்கனம் இல்லை. எட்டு வருடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் ஒரு பழைய கமராவும் 300 மில்லிமீற்றர் லென்ஸும் கைக்கு வந்திருந்தன. கூடு தேடித் திரிந்தேன். குச்சவெளிக்கும் வெருகலுக்கும் இடையில் எங்கேயோ, களப்போரமாக ஒரு பெரிய மரம். (மாவட்டத்தின் பாதிக் கரை அதற்குள் அடங்கிவிடும், தெரிந்துதான் சொல்கிறேன்.) உச்சிக் கவட்டில் சுள்ளியும் தடியுமாக ஒரு கட்டில் அகலத்துக்குக் கூடு. கடற்கழுகு வருடம் வருடம் புதுக்கூடு கட்டாது. பழையதன் மேலேயே தடி அடுக்கி, பச்சை இலை கொண்டுவந்து உள்ளே பரப்பும். பெரும்பாலும் இரண்டு முட்டை. கிட்டத்தட்ட ஆறு கிழமை அடைகாக்க வேணும்.

விடிய ஆறு மணிக்கே போய் மரத்துக்கு நேர் கீழே நின்றுவிட்டேன். அடையில் இருந்தது எழும்பிப் போனது. திரும்பி வரும்தானே என்று நின்றேன். வந்தது. ஆனால் இறங்கவில்லை. தலைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டு வாத்துப் போலக் கத்தியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு 'போஸ்' கொடுக்கிறது என்று! வெள்ளை வயிறு, சாம்பல் சிறகு, ஆப்பு மாதிரி வால், விரித்தால் இரண்டு மீற்றர் வரும் இறக்கை. விரலை எடுக்காமல் அமுக்கினேன். சோடி காலில் மீனோடு வந்து தூரத்துப் பனையில் குந்தி இருந்தது. மீனைக் கூட்டுக்குக் கொண்டுவரவில்லை. அதையும் எடுத்தேன். ஒன்பதரை மணிபோல இரண்டு காகம் கூட்டுக்குள் இறங்கின. ஒன்று வெளியே வரும்போது சொண்டு மஞ்சளாக இருந்தது.

பக்கத்து மீன்வாடியில் கரைவலைக்கார ஐயா ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "தம்பி, நீங்க நிக்கக்குள்ள அது எப்பிடி இறங்கும்? நாங்க அந்த மரத்தடியில விறகும் பொறுக்கிறல்ல" என்றார். திட்டவில்லை. ஊசியை நூலுக்குள் விட்டுக்கொண்டு, சும்மா கதைக்கிற மாதிரித்தான் சொன்னார். அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். கூடு அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

என்னுடைய கருத்து இதுதான்: கூட்டில் படம் எடுக்கிறது படப்பிடிப்பே இல்லை. எங்கே வரும் என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியும், அதுக்கு வேறு போக்கிடமும் இல்லை. இதில் எங்களுடைய கெட்டித்தனம் எங்கே? 1937ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் காட்டுயிர்களைக் காக்க ஒரு கட்டளைச்சட்டம் இருக்கிறது. அது முட்டையை எடுக்கிறவனைப் பிடிக்கும். கீழே மூன்றரை மணித்தியாலம் நின்று காகத்துக்கு விருந்து வைத்தவனை என்ன செய்யும்? நான் ஒருவன் போனதற்கே அந்தக் கதி. 11 பேர் போனால்? அதில் ஒருவர் 'லொகேஷன்' போட்டுப் பதிவு எழுதினால்?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கோழிக்குடலை வீசிச் செம்பருந்தைக் கூப்பிடுகிற ஆட்கள். படத்தைப் பார்த்த உடனே பிடிபட்டுவிடும். பருந்தின் கண் குடலில் இருக்கும், பின்னால் பத்துக் காகம் இருக்கும். அதைப் பற்றி வேறு கதைக்க எனக்கு விருப்பமில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு கூடு தேட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். கோணேசர் கோயிலுக்குப் போங்கள். கடல்காற்று மலைப்பாறையில் முட்டி மேலே எழும்புகிற நேரம், அந்தக் காற்றில் செம்பருந்து இறக்கை அடிக்காமல் மிதந்து வரும். மற்ற இடங்களில் பருந்தின் அடிவயிற்றைத்தான் படம் எடுக்கலாம். இங்கே பாறை பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் முதுகையே எடுக்கலாம், செங்கல் நிறம் வெயிலில் எரியும். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடுகிறது என்று கும்பிடுகிறோமே, அதே பறவைதான். காலை வெயில் கடலுக்குள்ளால் வருவதால் கடலைப் பார்த்து எடுத்தால் பறவை கறுப்பாகத்தான் விழும். கடலை முதுகில் வைத்து ஊர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள். வெறும் வானம் பின்னால் என்றால் 'எக்ஸ்போஷரை' ஒரு படி கூட்டுங்கள். ஷட்டர் வேகம் 2000இல் ஒரு பங்கு விநாடியை விட மெதுவாக வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள், இந்த ஊரில் நீட்டு லென்ஸோடு திரிகிறவன் பறவையைப் பார்க்க முதல் முன்னுக்கு எந்த முகாமின் வேலி இருக்கிறது என்று பார்க்க வேணும்.

அதை விட எனக்குப் பிடித்தது தம்பலகாம வயல்வெளி. பெரும்போக நெல் வெட்டு நேரம், மெசின் ஓட ஓட எலியும் வெட்டுக்கிளியும் கிளம்பும். பின்னால் கொக்குகள், மேலே பருந்துகள். தோள் கறுத்த சின்ன வெள்ளைப் பருந்து ஒன்று வரும். அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நிற்கும், பிறகு கல்லு மாதிரி விழும். மாரி காலத்தில் வடக்கே இருந்து பூனைப்பருந்து வந்திருந்தால், வயலுக்கு மேலே ஆள் உயரத்தில் இறக்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி சாய்ந்து சாய்ந்து போகும். கரண்ட் போஸ்டில் குந்தி இருக்கிற தடித்த மண்ணிற ஆள் பாம்புக் கழுகு. சொண்டுக்கும் கண்ணுக்கும் இடையில் மஞ்சள் தோல் தெரிந்தால் சந்தேகமே இல்லை. மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமல் மெதுவாகக் கடந்துபோனால் அசையாது. இறங்கி நடந்தால் பறந்துவிடும். இந்த வித்தை எனக்கு ஒரு வயல்காரர் சொல்லித் தந்தது. எந்த நேரம் எந்தப் போஸ்டில் இருக்கும் என்பதும் அவருக்குப் பாடம். பறவைப் புத்தகம் ஒன்றையும் அவர் தொட்டதில்லை.

பத்துத் தடவை போனால் எட்டுத் தடவை வெறுங்கையோடுதான் வருவீர்கள். போன சனிக்கிழமை பூனைப்பருந்துக்காக வரப்பில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். 212 படம். ஒன்றில் மட்டும் கூர்மை சரியாக விழுந்திருக்கிறது, அதிலும் தலை இல்லை, வால்தான்.

ஒரு பறவை எங்களைத் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, தீனியை வைத்துக்கொண்டு இறங்காமல் நிற்கிறதா, அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். நான் அன்று 400 படத்துக்குள்ளும் இதைத்தான் எடுத்து வைத்திருந்தேன், வாசிக்கத் தெரியவில்லை. அந்தப் படங்கள் இன்னும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. நல்ல வெளிச்சம், கூர்மையும் நல்லாயிருக்கிறது. இதுவரை ஒன்றும் பதிவேற்றவில்லை.

கோபித்த தம்பிக்கு: கூட்டைக் காட்ட மாட்டேன். வாற ஞாயிறு விடிய ஐந்தரைக்குத் தம்பலகாமச் சந்திக்கு வாரும். பிளேன்ரீ என்னுடைய கணக்கு. தொப்பி கொண்டு வாரும், வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.