ஆஃப்லைனில் விளையாட முதலில் ஆன்லைனில் வரணுமாம்

எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சத்துவாச்சாரி பக்கம் இன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் இல்லை. மே மாசம், கத்திரி, வேலூர். இந்த மூன்று வார்த்தை போதும், வெயிலைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் திட்ட வந்தது கரண்ட்காரர்களை இல்லை. நேற்றே மெசேஜ் வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு நிறுத்தினார்கள், சொல்லிவிட்டுச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் ஓடுகிறது, லேப்டாப்பில் முழு சார்ஜ். குடியாத்தத்திலிருந்து அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான், பன்னிரண்டு வயசு, சாயங்காலம் கிளம்புகிறான், "மாமா, அந்த கேமைப் போடு மாமா" என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு.

போன தீபாவளித் தள்ளுபடியில் 1,499 ரூபாய் கொடுத்து வாங்கிய கேம் அது. தனியாளாக ஆடுகிற கதை கேம். எதிரில் ஜப்பானிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ யாரும் வந்து ஆடப்போவதில்லை. 62 ஜிபியும் என் எஸ்எஸ்டியில்தான் கிடக்கிறது. திறந்தேன். கேம் வரவில்லை, கேமைத் திறந்துவிடுகிற ஆப்பான லாஞ்சர்தான் வந்தது. இணைய இணைப்பைச் சரிபார்த்துவிட்டு மறுபடி முயலவும் என்றது. தெருவில் கரண்ட் போனால் கம்பத்தில் கட்டியிருக்கும் நெட் பெட்டியும் அரைமணியில் படுத்துவிடும், இது எல்லாத் தெருவிலும் உள்ளதுதான். சரி, ஆஃப்லைன் மோட் இருக்குமே என்று தேடினேன். இருந்தது! ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஆன்லைனில் வந்து லாகின் செய்யணுமாம், என் பழைய லாகின் காலாவதியாகிவிட்டதாம். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து சாவியை வாங்கிக்கோ என்று சொல்கிற கதை.

விட்டேனா? போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். ஒரு நாளைக்கு 2 ஜிபி வருகிற பிளான். லாகின் ஆனது, நானும் பையனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம், சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பெட்டி வந்தது: அப்டேட், 14.3 ஜிபி. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட பட்டன் கிடையாது. நிறுத்துகிற வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இன்றைய 2 ஜிபியும் காலி, அதற்கும் போனில் உடனே மெசேஜ், அதில் மட்டும் தாமதமே கிடையாது.

"இன்னா மாமா இது, எங்க வூட்டு டிவி கேமே பரவால்ல. சொருவினா ஓடும்."

குடியாத்தம் பஜாரில் அக்கா வாங்கிக் கொடுத்ததைச் சொல்கிறான். மஞ்சள் கேட்ரிட்ஜ், மேலே '9999 இன் 1' என்று ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டு கேம், அதையே கலர் மாற்றி மாற்றி எண்ணிக்கை காட்டுவான். பச்சைப் பொய். ஆனால் சொருகினால் ஓடும், அதில் பொய்யே இல்லை.

சொருகினாலும் ஓடாத கேட்ரிட்ஜும் இப்போது வந்துவிட்டது. 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கேம் மெஷின் வந்ததே, அதற்கு 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை விற்கிறார்கள். பெட்டி இருக்கிறது, அட்டை இருக்கிறது, அட்டைக்குள் கேம் மட்டும் இல்லை, டவுன்லோட் செய்துகொள்ள ஒரு சாவி மட்டும்தான் இருக்கிறது. எங்கள் ஊரைக் கேலி பண்ணுகிற பழைய சொலவடை ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. அந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம், கேம் இல்லாத கேட்ரிட்ஜ். இத்தனைக்கும் சாமி 1981-லேயே, இதே சத்துவாச்சாரியிலிருந்து, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிப் போய்விட்டார். 2021 நவம்பரில் பாலாற்றிலேயே கரை புரண்டு வெள்ளம் போனது, பாலத்தில் நின்று நானே வேடிக்கை பார்த்தேன். சொலவடையே பாதி பொய்யாகிவிட்டது. கேம் கம்பெனி மூடின சர்வர் (கேமை ஓடவைக்கிற அவர்களுடைய கம்ப்யூட்டர்) மட்டும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே அபூர்வம்.

'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது, மொத்த அமெரிக்காவையும் சுருக்கி ஒரே மேப்பாகக் கொடுத்திருந்தார்கள், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் ஓட்டலாம். தனியாக ஓட்டினாலும் சர்வர் தொடர்பு இருந்தே ஆகணும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், கடையில் காசு கொடுத்து வட்டாக வாங்கி வைத்திருந்தவன் கையில் இருப்பதும் வெறும் பிளாஸ்டிக் தட்டு. இதில் கொதித்துப்போன ராஸ் ஸ்காட் என்கிற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஓர் இயக்கத்தையே ஆரம்பித்தார், ஐரோப்பாவில் 2025-ல் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. சர்வரைக் காலத்துக்கும் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, வாங்கினவன் தன் மெஷினில் ஆடுகிற மாதிரி ஒரு வழி வைத்துவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். இது பேராசையா?

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள், 2025 ஜனவரி 1 முதல் அமல். டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடணும். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரிலேயே, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கட்டுகிற பக்கத்தில் அந்த வரி வந்துவிட்டது. நல்லதுதான், ஆனால் எனக்கு வேறு மாதிரி எரிகிறது. வாடகை என்றால் வாடகை விலை போடு! வீட்டை விலைக்கு விற்கிற மாதிரி காசை வாங்கிக்கொண்டு, பத்திரத்தில் பொடி எழுத்தில் வாடகை என்று எழுதுகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. அதே யூபிசாஃப்டில் அப்போது சந்தாப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலிப் ட்ரெம்பிளே 2024 ஜனவரியில் ஒரு பேட்டி கொடுத்தார். சிடி, டிவிடி சொந்தமாக வைத்திருக்காமல் இருக்க ஜனங்கள் பழகிவிட்டார்கள், கேமிலும் அதே பழக்கம் வரணும் என்பதுதான் அதன் சாரம். படித்த அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றைக்கு என் மேலேயே திரும்பியது, ஏனென்றால் கேம் கைவிட்ட பிறகு நான் அடுத்துத் திறந்தது ஒரு பாட்டு ஆப்பை.

வருஷச் சந்தா கட்டியிருக்கிறேன், 140 பாட்டு டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். அதில் 11 பாட்டு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. தொட்டால், இந்தப் பாடல் உங்கள் பகுதியில் கிடைக்கவில்லை என்கிறது. எந்தப் பகுதி? சத்துவாச்சாரி ஃபேஸ் 2-வில் கிடைக்காது, காட்பாடியில் கிடைக்குமா? பஸ் ஏறிப் போய்ப் பார்க்கட்டுமா? விஷயம் இதுதான், பாட்டுக் கம்பெனிக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு போய்விடும். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஜீ மியூசிக் பாட்டெல்லாம் அப்படித்தான் போனது. 2024-ல் விங்க் மியூசிக் என்ற பாட்டு ஆப்பையே ஏர்டெல் மூடியது, அதில் வருஷக்கணக்காக லிஸ்ட் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறு வீடு பார்க்க வேண்டியதாகிவிட்டது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத ஒலி, தருவதாக அறிவித்தபோது, 24 பிட் என்றெல்லாம் நானும்தான் குதித்தேன். இல்லாத பாட்டுக்கு எத்தனை பிட் இருந்தால் என்ன? (இருக்கிற பாட்டிலும் பாடகர் பெயர் வரவேண்டிய இடத்தில் கதாநாயகன் பெயரைப் போட்டு வைக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒருநாள் உட்காரணும்.)

நான் போனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அப்பா உள்ளே போய் அவருடைய டூ-இன்-ஒன்னை எடுத்து வந்தார். நாலு பெரிய செல் போட்டார். கேசட் ஒரு டிடிகே 60, 1989-ல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்தது, அட்டையில் பச்சை மையில் அவர் கையெழுத்து. பி சைடில் கடைசிப் பாட்டு சரணத்துக்கு நடுவில் டேப் தீர்ந்து நின்றுவிடும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு எழுத்து முன்னே பின்னே கிடையாது. அந்தப் பாட்டை முழுசாக எங்கே கேட்டாலும் அந்த இடம் வந்ததும் எனக்கு டப்பென்று ஒரு சத்தம் காதில் விழும். எனக்கு ஒன்றும் பழசு மேல் காதல் இல்லை, அந்த கேசட் ஹிஸ்ஸில் பாதி வயலின் காணாமல் போயிருக்கிறது. அதுவும் யார் அனுமதியும் இல்லாமல் பதிந்த காப்பிதான், அதையும் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இன்று வேலூரில் எங்கள் வீட்டில் ஓடிய ஒரே சாமான் அதுதான்.

இப்போது நண்பர்கள் வருவார்கள் பாருங்கள், "அதான் கிராக் காப்பி போடுன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று. ஆமாம்பா, சொன்னாய். எனக்கு அடிவயிறு எரிவதே அதனால்தான். திருட்டுக் காப்பி வைத்திருக்கிறவன் இன்று ஃபேன் காற்றில் உட்கார்ந்து நிம்மதியாக ஆடியிருப்பான். அவனுக்கு லாகின் இல்லை, அப்டேட் கட்டாயம் இல்லை. காசு கொடுத்தவனுக்குத்தான் வாசலுக்கு வாசல் செக்கிங். பூட்டே இல்லாமல் விற்க முடியாதா என்றால் முடிகிறது, ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடை 2008-லிருந்து அப்படித்தான் விற்கிறது, இன்ஸ்டாலரை இறக்கி ஹார்டு டிஸ்கில் போட்டுக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டாம். எனக்கு வேண்டிய கேம் பாதி அங்கே வருவதில்லை, அது ஒன்றுதான் குறை.

கரண்ட் 2:10-க்கு வந்தது. நெட் வர 3 மணி. அப்டேட்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், 31, 32, நடுவில் லாஞ்சர் தன்னையே அப்டேட் செய்துகொள்ளப் போய் மறுபடி 32. 5 மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான் பையன். ஏறும்போதுகூடக் குறையாக எதுவும் சொல்லவில்லை, "பரவால்ல மாமா, லீவு இன்னும் கீது" என்றான். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

ராத்திரி 8:40-க்கு முடிந்தது. திறந்தேன். விதிமுறைகள் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு நீளமான பக்கம், கீழே இரண்டு பட்டன். வேண்டுமென்றே 'ஒப்புக்கொள்ளவில்லை'யை அழுத்திப் பார்த்தேன். லாஞ்சர் மூடிக்கொண்டது.