சிவப்புக் காலுறை அணி எது?

"1872 முதல் 1875 வரை தொடர்ந்து 4 முறை பட்டம் வென்ற பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ்தான் இன்றைய ரெட் சாக்ஸ்" என்றொரு அமெரிக்க பேஸ்பால் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பட்டங்கள் உண்மை, வாரிசு தவறு.

ஹாரி ரைட் நடத்திய அந்த அணி 1875இல் 71 ஆட்டங்களில் வென்று 8இல் மட்டுமே தோற்றது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் பந்தெறிந்த அக்காலத்தில், அணியின் பந்துவீச்சாளர் ஸ்பால்டிங் ஒருவரே 54 வெற்றிகளைத் தேடித் தந்தார். எவ்வளவு பெரிய உழைப்பு! அதன் பெருமை உரியவர்களுக்கே சேர வேண்டும்.

அந்த அணியே பின்னர் பிரேவ்ஸ் ஆனது. 1953இல் மில்வாக்கி நகருக்கும், 1966இல் அட்லாண்டா நகருக்கும் இடம் மாறியது. ரெட் சாக்ஸ் 1901இல் தொடங்கிய வேறு அணி. அப்பெயரே 1908இல்தான் வந்தது. பிரேவ்ஸ் அணியின் அதிகாரபூர்வ வரலாற்றுப் பக்கத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனிப் பகிர வேண்டாம்; அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.