புடவை கட்டியிருந்தா நாலு பேர் வந்திருப்பாங்களாம்

பேச வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் படம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாங்கூழ்க்காரங்க குரூப் எல்லாத்தையும் சுத்திட்டு எங்க அத்தை போன் வரைக்கும் வந்துடுச்சு. எந்தப் படம், யார் போட்டதுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். படத்தில் இருக்கிறது பெங்களூரு தும்கூர் ரோடு எக்ஸ்போவில் எங்க மாங்கூழ் கம்பெனி ஸ்டால். நானும் என் ஜூனியரும் கம்பெனி டீ-ஷர்ட், பேன்ட், ஷூ. மேல, படத்தைப் போட்ட நம்ம குரூப் அண்ணனோட கருத்து: "பொண்ணுங்க லட்சணமா புடவை கட்டி நின்னிருந்தா நாலு பேர் வந்திருப்பாங்க."

வந்திருப்பாங்கண்ணா. எதுக்கு வந்திருப்பாங்க?

நான் குவாலிட்டி பார்க்கிறவ. சீசன்ல பெங்களூரா மாங்காய் லாரி லாரியா இறங்கும்போது பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு எவ்வளவு, புளிப்பு எவ்வளவுன்னு பார்த்து, ட்ரம்முக்கு 215 கிலோ கூழ் கிருமி இல்லாத அசெப்டிக் பையில் ஏறுற வரைக்கும் என் கையெழுத்து வேணும். கூழ் போடுற அந்த ஃபேக்டரி ஹாலுக்குள்ள வளையல், பூ, நெயில் பாலிஷ் எதுவும் கூடாது. போட்டு வர்ற பொண்ணுங்களைத் திருப்பி அனுப்புறதே நான்தான். எக்ஸ்போன்னா மட்டும் அதே நான் தலை நிறைய மல்லிப்பூவோட பன்னீர் தெளிக்கணுமாம்.

எக்ஸ்போ கல்யாண வரவேற்பு இல்லை. காலையில் இருந்து சாயங்காலம் வரை சிமென்ட் தரையில் நிக்கணும், சாம்பிள் டின் தூக்கணும், கேட்கிறவனுக்குப் பதில் சொல்லணும். அதுக்கு எது தோதோ அதுதான் அந்த இடத்துக்கான உடுப்பு. சுத்தமா, இஸ்திரி போட்டு, கழுத்தில் பேட்ஜ். எங்ககிட்ட அது இருந்துச்சு.

உடனே "புடவையைக் கேவலமா பேசுறா"ன்னு வருவீங்க. எங்க வீட்டுப் பீரோவைப் பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. புடவை கட்டி எக்ஸ்போ வர்ற அக்காக்கள் எத்தனையோ பேர், அவங்களுக்கு அது தோது. "அப்ப ட்ரெஸ் கோடே வேண்டாமா?" வேணும், ஆம்பளைக்கும் சேர்த்து. அதே வரிசையில் சட்டைப் பட்டனை அவுத்து விட்டு, செருப்பைக் கழட்டிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த முதலாளியை யாரும் படம் எடுக்கலை. "ஸ்டால்ல வரவேற்கச் சம்பளத்துக்கு நிக்கிற பொண்ணுங்க பிழைப்பைக் கெடுக்காதே"ன்னு ஒருத்தர். நான் எங்கங்க கெடுத்தேன்? உட்கார ஒரு ஸ்டூல்கூடக் குடுக்காம ஹை ஹீல்ஸ்ல நிக்க வைக்கிறவங்களைக் கேளுங்க.

2014-ல் வேட்டி கட்டிப் போன ஒரு நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடலைன்னதும் சட்டசபையில் சட்டமே வந்துச்சு. 2024-ல் பெங்களூரு மால் ஒண்ணில் வேட்டி கட்டின விவசாயியைத் தடுத்ததுக்கு மாலையே ஒரு வாரம் மூட வச்சாங்க. ரெண்டுமே நல்லதுதான். மால் விஷயத்துக்கு "உடையை வச்சு மனுஷனை எடை போடாதே"ன்னு பொங்கினவர் நம்ம அண்ணன். நல்லா பொங்கினீங்கண்ணா, நான்கூட ஹார்ட் விட்டேன்.

படத்தில் வராத ஒண்ணு சொல்றேன். ஒரு பையர் வந்தார். "சார் யாராவது இருக்காங்களா?" என்னைக் கேளுங்கன்னேன். பெங்களூரா கூழ் பிரிக்ஸ் கேட்டார், 14-க்குக் குறையாதுன்னேன். தண்ணியைச் சுண்ட வச்ச கெட்டிக் கூழ், அதான் கான்சென்ட்ரேட், அதுக்குக் கேட்டார், 28 சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, சட்டையை இன் பண்ணி ஓரமா நின்ன எங்க டிரைவர் தம்பியைப் பார்த்து, "அப்படித்தானே சார்?" தம்பி பதறிட்டான். "எனக்கு வண்டிதான் சார் ஓட்டத் தெரியும், மேடத்தையே கேளுங்க." அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்ப சிரிப்பு வரலை. நான் பட்டு கட்டியிருந்தா மட்டும் அந்தாளு என்னை நம்பியிருப்பாரா? தாம்பூலத் தட்டு எங்கேன்னு கேட்டிருப்பார்.

எனக்குத் தோல் தடிச்சுப் போச்சு, விடுங்க. லைக் போட்டவங்கள்ல எங்க வீட்டுல சாப்பிட்டவங்க இருக்காங்க, அதையும் விடுங்க. என் ஜூனியருக்கு இதுதான் முதல் எக்ஸ்போ. ஊர் பாலக்கோடு. ராத்திரி உட்கார்ந்து ஸ்பெக் ஷீட், அதான் கூழோட அளவு விவரமெல்லாம் இருக்கிற தாள், மனப்பாடம் பண்ணிட்டு வந்த பொண்ணு. அந்தப் படமும் கீழே விழுந்த கமெண்டும் அவங்க அம்மா கண்ணுல பட்டுடுச்சு. இனிமே வெளியூர் வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம். நான் போன் பண்ணினேன், எடுக்கலை.

அண்ணன் படத்தை எடுத்துட்டாராம், "தப்பா எடுத்துக்காதேம்மா"ன்னு மெசேஜும் வந்திருக்கு. எனக்கு எதுக்குண்ணா? கிருஷ்ணகிரியில இருந்து பாலக்கோட்டுக்கு பஸ் இருக்கு. போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க.