புயலுக்கு முந்தைய வயது

2023ஆம் ஆண்டு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் காலமான என் அப்பத்தாவுக்கு, இறப்புச் சான்றிதழில் 78 வயது என்று போட்டிருக்கிறது. ஆதார் அட்டையில் யாரோ ஓர் உத்தேசத்தில் 01.07.1945 என்று பதிந்துவிட்டதால் வந்த கணக்கு அது. எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டால் அப்பத்தா தேதி சொல்ல மாட்டார். "சுதந்திரத்தன்னிக்குப் பள்ளிக்கூடத்துல மிட்டாய் கொடுத்தாக, தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு வாங்கப் போனேன்" என்பார். 1947இல் தம்பியை இடுப்பில் சுமந்தவருக்கு அப்போது எட்டு வயதாவது ஆகியிருக்கும். அவர் வாழ்ந்த ஆறேழு ஆண்டுகள் காகிதத்தில் காணாமற்போய்விட்டன.

துட்டிக்கு வந்த உறவினர் ஒருவர், "பாவம், தீவை விட்டு வெளியே போகாமலே போய்விட்டது, என்னத்தைக் கண்டது" என்று சொன்னார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்த காலம் அது. அவருடைய தகப்பனார் அந்தத் துறையில் மூட்டை தூக்கினார். கப்பல் வரும் நாள்தான் வீட்டில் சோறு. இலங்கையை அப்பத்தா ஒருநாளும் வெளிநாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அக்கரை என்றுதான் சொல்வார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் ஊரையும் கடல் கொண்டுபோனபோது, கைக்குழந்தையாக இருந்த என் தந்தையை முந்தானையால் மாரோடு கட்டிக்கொண்டு மணல் மேட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து மிஞ்சியது ஒரு பித்தளைச் செம்பு. அதன் வயிற்றுப் பக்கம் நசுங்கியிருக்கிறது. தட்டி நிமிர்த்தக் கொடுக்கக் கடைசிவரை அவர் சம்மதிக்கவில்லை.

1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்ததை, அங்கே வலை காயப்போட்டு வந்த என் தாத்தாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். 1983 கலவரத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து படகுகளில் வந்து இறங்கியவர்களுக்கு, மண்டபம் முகாமுக்குப் போகுமுன் கஞ்சி காய்ச்சி ஊற்றிய பெண்களில் அவரும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளையை முந்தானையால் கட்டியிருந்ததைப் பார்த்ததும் தனக்குக் கை ஓடவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது பற்றி அவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. பேருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

வரலாறு தில்லியிலும் கொழும்பிலும் கையெழுத்தாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்தின் விலை எங்கள் கரையில் அடுப்பங்கரையில்தான் கணக்குத் தீர்க்கப்பட்டது என்பதை, தேதி தெரியாத இந்த மனுஷியிடம்தான் நான் படித்தேன்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. கடைசி மாதங்களில், "ரயிலு கூவலியே, மணி என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்து, எங்கள் ஊர் வழியாக மறுபடி ரயில் கூவிக்கொண்டு போனபோது, திண்ணையில் மீன் அரிந்துகொண்டிருந்த அத்தை கத்தியை நிறுத்தினார். "ஆத்தா இருந்தா இப்ப மணி சொல்லியிருக்கும்" என்றார்.